நாய்க்கு வைத்த தயிர்

மயிலாப்பூர்க் குளத்தைச் சுற்றி நடக்கிற ஓய்வுபெற்ற கனவான்களுக்குப் பருவத்துக்கு ஓர் அமிர்தம் கிடைத்துவிடும். ஒரு பருவம் ஆளிவிதை. ஒரு பருவம் வெந்நீரில் எலுமிச்சை. போன கோடையில் தயிர். அதுவும் நாய்க்கு.

அதைக் கொண்டுவந்து இறக்கியவர் என் அத்திம்பேர், அக்காவின் கணவர். வங்கியில் மேலாளராக இருந்தவர். ஓய்வுக்குப் பிறகு அவர் மேலாண்மை செய்ய மிஞ்சியது ஒரு லாப்ரடார் மட்டும். மகள் ஆசையாக வாங்கி வளர்த்து, பெங்களூரில் வேலை கிடைத்ததும் விட்டுவிட்டுப் போன நாய். அதற்கு ஒரு ரிஷியின் பெயர். ரிஷியின் மேல் எனக்கு மரியாதை உண்டு, ஆகவே இங்கே சொல்லமாட்டேன்.

மகள் இருந்தவரை அதன் தீனி பால்கனியில் ஒரு பெரிய பையில் இருந்தது. அந்தப் பையில் என்ன எழுதியிருக்கிறது என்று வீட்டில் யாரும் படித்ததில்லை. படிக்காமல் இருப்பதும் ஓர் ஆசாரம்தான். அவள் போன மறுநாள் அத்திம்பேர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். கோழி என்று போட்டிருந்தது. பை அன்றைக்கே குப்பைக்குப் போயிற்று.

அப்புறம் கைபேசியில் ஒரு வீடியோ வந்தது. யாரோ வெள்ளைக்காரப் பெண் ஒரு ஸ்பூன் தயிரை நீட்ட, ஒரு நாய் கண்ணை மூடி நக்குகிறது. ஆரோக்கியமான நொறுக்குத்தீனியாம். அத்திம்பேரின் காதில் நொறுக்குத்தீனி என்பது விழவில்லை. ஆரோக்கியம் என்பது விழுந்தது, தயிர் என்பது விழுந்தது. முட்டையின் நிழல்கூட விழாத வீட்டுக்கு வானத்திலிருந்து வந்த அனுமதி அது. காலையில் தயிர், மதியம் தயிர்சாதம், சாயங்காலம் எலும்பு வடிவ அச்சில் உறையவைத்த தயிர். எலும்பு வடிவம்! எலும்பை நினைத்தாலே கைகழுவுகிற மனிதர், அதன் உருவத்தை மட்டும் ஃப்ரீசரில் குடிவைத்தார்.

குளக்கரையில் அவர் பிரசங்கம் செய்ததை நானே கேட்டேன். "ப்ரோபயாடிக் சார். குடலுக்கு அவ்ளோ நல்லது. எங்காத்து நாய் சுத்த சைவம். மாமிசத்தைப் பார்த்தா மூஞ்சியத் திருப்பிண்டுடும்."

சுற்றி நின்ற தலைகள் ஆடின. அந்த நாய் அப்போது மீன்காரியின் கூடை போன திசையைப் பார்த்துக்கொண்டிருந்தது. உடம்பு முழுவதையும் மூக்காக்கிக்கொண்டு, கோபுரத்தைப் பார்க்கிற பக்தனைப்போல.

அக்காவுக்குத்தான் அந்த நாய் உயிர். முழங்கால் அறுவைசிகிச்சைக்குப் பிறகு அவள் நடக்கிற நடைக்கு மனிதர்கள் யாரும் ஈடுகொடுக்கவில்லை. அத்திம்பேர் பத்தடி முன்னால் போய் நின்று கடிகாரத்தைப் பார்ப்பார். நாய் மட்டும் அவள் நின்றால் நிற்கும், நடந்தால் நடக்கும். மாட வீதியில் அந்த இரண்டு பேரும் போவது ஒரே நிழல் போவதுபோல இருக்கும்.

மழை தொடங்கும்போது அந்த நிழல் மெலிந்துவிட்டது. ரோமம் சோபாவெல்லாம் உதிர்ந்தது. விலா எலும்பு தெரிந்தது. வயிறு நிற்காமல் போயிற்று. "தயிரைக் கொஞ்சம் கூட்டணும்" என்றார் அத்திம்பேர். ஒரு நாள் காலை தி.நகரில் இருக்கும் எனக்கு அக்காவின் ஃபோன். "எழுந்திருக்கவே மாட்டேங்கறதுடா. நீ வா."

ஆட்டோவில் ஏற்றினோம். ஓட்டுநர் நாயைப் பார்த்துவிட்டு எங்களைப் பார்த்தார். "சீட்டுல போய் வெச்சுதுன்னா யாரு நைனா கழுவறது?"

"அதெல்லாம் பண்ணாதுப்பா. சுத்த சைவம்" என்றார் அத்திம்பேர்.

"சைவ நாய் போனா மட்டும் மணக்குமா சார்?"

அடையாறு கால்நடை மருத்துவமனைக்குப் போய்ச் சேரும்வரை ஓட்டுநர் சிரித்துக்கொண்டே வந்தார். நானும்தான்.

மருத்துவர் இளம்பெண். நாயின் ஈறை விரலால் தூக்கிப் பார்த்தார். "என்ன சாப்பாடு போடறீங்க?"

"தயிர்சாதம்."

"அப்புறம்?"

"தயிர்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "சார், சர்க்கரை இல்லாத வெறும் தயிர், வயித்துக்கு ஒத்துக்கிட்டா ஒரு ஸ்பூன் குடுங்க, நல்லதுதான். அது ஆசைக்கு. இதுக்குச் சாப்பாடு வேணும். முட்டை, கோழி, இல்லைன்னா கடையில விக்கிற தீனி. இப்படியே போனா இது தாங்காது."

திரும்பி வந்ததும் வீட்டு வாசலிலேயே அத்திம்பேர் தீர்ப்புச் சொன்னார். "பாலவாக்கத்துல என்னோட வேலை பார்த்தவர் ஒருத்தர் இருக்கார். அவாத்துல எல்லாம் சாப்பிடுவா. அங்கே கொடுத்துடலாம். நம்மாத்துக்குள்ள அதெல்லாம் வரக்கூடாது."

அறிவு எவ்வளவு சீக்கிரம் கதவைச் சாத்திக்கொள்கிறது! கோடை முழுக்க ஓர் உயிரைத் தன் புண்ணியத்தால் பட்டினி போட்டவர், இப்போது அதை நாடுகடத்திக் கைகழுவப் பார்க்கிறார். பாத்திரம் சுத்தமாக இருக்கவேண்டும், அவ்வளவுதான். நாய் என்ன ஆனால் என்ன.

அக்கா நாயை விரிப்பில் படுக்கவைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, காலை இழுத்து இழுத்துத் தெருமுனைக் கடைக்கு நடந்தாள். நான் கூடப் போனேன்.

கடைக்காரருக்குத் தன் காது மேலேயே சந்தேகம். "மாமி, முட்டையா?"

"முட்டைதான். ஏன், கேட்கக் கூடாதா? எடுத்துக் குடு."

சமையலறையில் அவள் வேறு பாத்திரம் தேடவில்லை. தயிர் உறைகிற எவர்சில்வர் பாத்திரத்தைக் கவிழ்த்தாள். மிச்சமிருந்த தயிர் தொட்டியில் வெள்ளையாக வழிந்து போயிற்று. தண்ணீர் விட்டாள், முட்டைகளைப் போட்டாள், அடுப்பை மூட்டினாள்.

அத்திம்பேர் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார். "என்னடி நாத்தம் இது?"

"முட்டை."

"எதுல?"

"தயிர்ப் பாத்திரத்துல."

"உனக்குப் பைத்தியமா? இனிமே அதுல எப்படி..."

"பாலவாக்கத்துக்கு யாராவது போயே ஆகணும்னா நீங்க போய்ட்டு வாங்கோ. அவாத்துல தயிர் இருக்கும்."

முட்டையை உரித்து, உள்ளங்கையில் பிசைந்து நீட்டினாள். நாய் தலையை மட்டும் தூக்கியது. முகர்ந்தது. பிறகு அவள் விரலிடுக்குகளைக்கூட விடாமல் நக்கித் தீர்த்தது. மூஞ்சியைத் திருப்பிக்கொள்ளவில்லை.

மார்கழியில் மறுபடி குளக்கரைக்குப் போயிருந்தேன். அதே கனவான்கள், இப்போது தலையில் பனிக்குல்லாய்கள். நடுவில் அத்திம்பேர். "வெள்ளைக்கரு மட்டும் போறாது சார், மஞ்சளும் சேரணும். புரோட்டீன். நான்தான் ஆரம்பிச்சு வெச்சேன். நாய் என்னமா தேறியிருக்கு பாருங்கோ, அதோ வரது."

எதிரே அக்காவும் நாயும் வந்துகொண்டிருந்தார்கள். ரோமம் திரும்பியிருந்தது, வெயிலில் மினுங்கியது. அவர் நாயின் பெயரைச் சொல்லி உரக்கக் கூப்பிட்டார், எல்லோருக்கும் காட்டுவதற்காக.

அக்கா நிற்கவில்லை. அதனால் நாயும் நிற்கவில்லை.