பாவாடைத் துணியில் ஒரு போர்வை

யாழ்ப்பாணத்து வெயிலில் ஒருவர் போர்வை கேட்டால் அவருக்குக் காய்ச்சல் என்றுதான் அர்த்தம். அப்படிப்பட்ட ஊரில், ஒன்பது வயதில், ஒரு போர்வைக்கு நிறம் தெரிவுசெய்யும் பொறுப்பு என்னிடம் வந்தது. இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்குத் தலை கொஞ்சம் நிமிரும்.

கனடாவில் இருந்த சின்னம்மாவுக்குப் பெண் பிள்ளை பிறந்திருந்தது. சின்னம்மா என் அம்மாவின் ஒரே தங்கை. நான் தவழ்ந்த காலத்தில், வீட்டுக்குச் சொல்லாமல் தன் விருப்பத்துக்குக் கலியாணம் செய்துகொண்டு போனவர். அன்றிலிருந்து அம்மா அவரோடு கதைப்பதில்லை. வைபரில் அழைப்பு வந்தால் அப்பா கதைப்பார், நான் கதைப்பேன். அம்மா தையல் மெஷினை இன்னும் வேகமாக மிதிப்பார். அதையே பார்த்து வளர்ந்ததால், அக்கா தங்கை என்றால் இப்படித்தான் இருப்பார்கள் போலும் என்று நினைத்திருந்தேன்.

பிள்ளை பிறந்து ஒரு மாதம் போயிருக்கும். ஒரு சனிக்கிழமை, யாருடையதோ சட்டைக்குக் கை பொருத்திக்கொண்டே அம்மா சொன்னார்: "உன்ரை தங்கச்சிக்கு நீ ஒண்டும் அனுப்பேல்லையெண்டு நாளைக்கு ஆரும் சொல்லப்பிடாது. குளிர் நாடு. சின்னதா ஒரு போர்வை அனுப்புவம். துணி நீயே பார்த்து எடு. எனக்கு நிறம் பிடிபடாது."

எங்கள் ஊரான மானிப்பாயில் பாதிப் பெண்கள் சேலையைக் கொண்டுவந்து, இதற்கு எந்த நிறத்தில் சட்டை தைக்கலாம் என்று என் அம்மாவிடம்தான் கேட்பார்கள். அந்த அம்மாவுக்கு நிறம் பிடிபடாதாம். நான் அதில் ஒரு பிழையும் காணவில்லை. என் திறமையை ஒருவழியாகக் கண்டுபிடித்துவிட்டார்கள் என்று மட்டும் தோன்றியது.

பஸ் பிடித்து யாழ்ப்பாணம் ரவுணுக்குப் போனோம். குழந்தைக்கு என்றதும் துணிக்கடைக்காரர் கரடி, பூனை, பலூன் எல்லாம் அச்சடித்த துணிகளை விரித்தார். பூனை படுத்திருக்கும் துணியில் நிறத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். எனக்கு வெறும் நிறம் வேண்டும், பருத்தியாக வேண்டும் என்றேன். "வெறும் நிறமெண்டால் பாவாடைத் துணிதான் இருக்கு, பிள்ளை" என்று சிரித்துக்கொண்டே, சேலைக்கு உள்ளே கட்டும் பாவாடைத் துணிகளை அடுக்கியிருந்த தட்டுகளைக் காட்டினார். கூரை வரைக்கும் நிறங்கள். எனக்கு அதற்குமேல் ஒன்றும் தேவைப்படவில்லை.

அவர் மஸ்ரட், ஒரேஞ்ச், வயலட், மெரூன் என்று பெயர் சொன்னார். நான் என் பெயர்களை வைத்துக்கொண்டேன்: பூவரசம்பூ, பனங்களி, கத்தரிப்பூ, வெங்காயத்தோல். ஒவ்வொன்றையும் வாசலுக்குத் தூக்கிக்கொண்டுபோய்ப் பகல் வெளிச்சத்தில் பார்த்தேன். டியூப்லைட்டின் கீழே எந்த நிறமும் பொய் சொல்லும். பிறகு, அம்மா செய்வதைப்போல, முகம் துடைக்கும் என் வெள்ளை லேஞ்சியின் மூலையை நனைத்துத் துணியின் ஓரத்தில் தேய்த்தேன். "உது சாயம் போகாது, பிள்ளை. நான் சொல்லுறன்" என்றார் கடைக்காரர். மெரூன் அப்படியே லேஞ்சியில் இறங்கியது. நான் லேஞ்சியை அவர் முன்னால் விரித்து வைத்தேன். அவர் மெரூனைத் திரும்பத் தட்டில் அடுக்கினார். வேறெங்கோ பார்ப்பதுபோல நின்ற அம்மா சிரிப்பை அடக்கியதை நான் கண்டேன். அதன்பிறகு எத்தனையோ சான்றிதழ்கள் வாங்கிவிட்டேன், ஒன்றும் அதற்கு ஈடாகவில்லை.

வீட்டில் மிச்ச மூன்று நிறங்களும் சதுரம் சதுரமாக வெட்டப்பட்டன. எதற்குப் பக்கத்தில் எது என்பதைப் பாயில் பரப்பி முடிவு செய்ததும் நான்தான். கத்தரிப்பூவைப் பனங்களிக்குப் பக்கத்தில் வைத்ததும் இரண்டுக்கும் ஒரு களை வந்தது. என் கண்ணே பட்டுவிடும் போலிருந்தது. அம்மா மெஷினைத் தொடவில்லை, கையாலேயே தைத்தார். உள்ளுக்குத் தன்னுடைய பழைய வோயில் சேலையை மடித்து வைத்தார். பின்பக்கத்துக்கு வெறும் வெள்ளை. ஒரு கிழமையாக வேறு வேலை எடுக்கவில்லை. யாருமே பார்க்காத பின்பக்கத்துக்கு ஏன் இவ்வளவு பொடித் தையல் என்று கேட்டேன். "நீ உன்ரை வேலையைப் பார்" என்றார்.

பார்சலில் வைக்க என்னைக்கொண்டு ஒரு கடிதமும் எழுதுவித்தார். "நான் தைச்சதெண்டு எழுதாதை. நீ அனுப்பினதெண்டே இருக்கட்டும்." எனக்கு அதில் ஓர் ஆட்சேபமும் இல்லை. பெருமையில் பங்கு கேட்காத அம்மா எத்தனை பேருக்குக் கிடைப்பார்?

போர்வை போய்ச் சேர்ந்த அன்று பின்னேரம் சின்னம்மா வைபரில் வீடியோ அழைப்பு எடுத்தார். அப்பா போனை நேரே என்னிடம் தந்துவிட்டார். சொல்ல வேண்டியதையெல்லாம் நான் மனதுக்குள் ஒழுங்குபடுத்தி வைத்திருந்தேன். "நிறமெல்லாம் நான்தான் எடுத்தனான், சின்னம்மா" என்று தொடங்கினேன்.

"ஓம், நல்ல வடிவு" என்றார் சின்னம்மா. அவ்வளவுதான். பிறகு போர்வையைப் புரட்டினார். வெள்ளைப் பக்கத்தில் விரலை வைத்து, தையல் போன வழியே மெல்ல நகர்த்திக்கொண்டு போனார். நாலு தையலுக்கு ஒரு பின்தையல், அது அம்மாவின் கை. சின்னம்மா பள்ளிக்கூடத்துக்குப் போட்டுக்கொண்டு போன சட்டைகளையெல்லாம் அந்தக் கைதான் மடித்துத் தைத்தது என்பது எனக்கு அப்போது தெரியாது. அம்மாவுக்கு நிறம் பிடிபடாமல் இல்லை, எந்த முகத்தோடு தன் பெயரில் அனுப்புவது என்றுதான் கூசினார் என்பதும் தெரியாது. நான் பாடுபட்டுத் தெரிந்தெடுத்த நிறங்களை விட்டுவிட்டு ஒருவர் வெள்ளைத் துணியைப் பார்த்து அழுவது பெரிய அநியாயமாகப் பட்டது.

"சின்னம்மா, உது பின்பக்கம்" என்றேன். "மற்றப் பக்கத்தைப் பாருங்கோ."

அவர் திருப்பவில்லை. அதற்குள் அம்மா வந்து என் கையிலிருந்த போனை வாங்கிக்கொண்டார்.

"பிள்ளைக்கு அங்கை குளிருதோ?"

"இல்லை, அக்கா."

பிறகு இரண்டு பேரும் கதைத்தார்கள். அடுப்பில் வைத்த சோறு குழைந்துபோகும்வரை கதைத்தார்கள். எனக்கோ அழுகை வருமளவுக்கு ஆத்திரம். கத்தரிப்பூவைப் பனங்களிக்குப் பக்கத்தில் ஏன் வைத்தேன் என்று ஒருவர்கூட என்னிடம் கேட்கவில்லை.