மணிக்கு உயர்ந்த விரல்

அந்த விரலைத்தான் முதலில் சொல்ல வேண்டும். வலது கை ஆள்காட்டி விரல். நகத்தோரம் எப்போதும் சுண்ணாம்புத் தூள் வெள்ளையாய்ப் படிந்திருக்கும். நாங்கள் கொண்டாடும் இசைக்குழுவின் நான்காவது ஆல்பத்தில் பி பக்கம் முழுவதும் ஒரே பாட்டு, பத்தொன்பது நிமிடம். கடைசியில் டிரம்ஸ் அடங்கி, ஆர்கன் ஒரே சுரத்தில் நிற்கும்போது, எங்கோ தூரத்தில் ஒரு சின்ன மணி மூன்று முறை ஒலிக்கும். ஒவ்வொரு முறையும் அண்ணன் கண்களை மூடியபடியே அந்த விரலை உயர்த்துவார்.

புந்தோங்கில் ஒரு மோட்டார் சைக்கிள் பட்டறை. ஞாயிறு காலைகளில் ஷட்டர் பாதி இறங்கியிருக்கும், ஸ்பானர் அலமாரியின் மேல் ரெக்கார்ட் பிளேயர் சுழலும். பட்டறைக்காரரும், குவாரியில் கல்லுடைக்கும் இயந்திரத்தை ஓட்டும், நான் அண்ணன் என்று அழைப்பவரும் ரப்பர் தோட்டத்தில் ஒரே லயத்தில், அடுத்தடுத்த வீடுகளில் வளர்ந்தவர்கள். யாரோ விட்டுப்போன ஒரு கேசட்டில் இருவருக்கும் இந்தப் ப்ரோக்ரெசிவ் ராக் பைத்தியம் பிடித்ததாம். வண்டியைச் சர்வீசுக்கு விடப் போன நான், "தட்டு கொஞ்சம் மெதுவா சுத்துது அண்ணே" என்று சொல்லி, அடுத்த வாரம் புது பெல்ட் வாங்கி வந்து மாட்டினேன். அதற்கடுத்த ஞாயிறு எனக்கும் ஒரு நாற்காலி போடப்பட்டிருந்தது.

எங்களுக்கு ஒரே விதி. ஊசி தட்டிலிருந்து எழும் வரை யாரும் பேசக்கூடாது. எழுந்த பிறகு சண்டை. அந்தக் குழுவின் பதின்மூன்று ஆல்பங்களின் தரவரிசையைக் கட்டம் போட்ட நோட்டில் எழுதிவைப்பது என் பொறுப்பு.

"பாடகர் போனதுக்கப்புறம் வந்த ஆறும் லிஸ்ட்லயே வரக்கூடாதுலா" என்பார் அண்ணன்.

"முடி கொட்டுனப்புறம் உன் பொண்டாட்டி உன்னை வேற ஆளுன்னு சொன்னாளா மச்சான்?" என்பார் பட்டறைக்காரர்.

என் வேலை ஆலை ஆலையாக வேனில் போய்த் தொழிலாளர்களின் செவித்திறனைச் சோதிப்பது. அதைக் கேள்விப்பட்ட அன்று அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். அவருடைய குவாரிக்கு வேறொரு வேன் வருமாம். "சத்தம் அனுப்பும்போதெல்லாம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சோதிக்கிற பொண்ணு தோள் லேசா அசையும். அதைப் பாத்து நான் பட்டனை அமுக்கிடுவேன். ஒவ்வொரு வருசமும் பாஸ்." நானும் சிரித்தேன். அன்று சிரித்ததை இன்றும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

நான்காவது ஆல்பத்தின் ஒலியைச் செப்பனிட்டுப் புதிதாக வெளியிட்டார்கள். தபாலில் வந்த தட்டை அண்ணன் சட்டையால் துடைத்து வைத்தார். பி பக்கம் முடிந்து ஊசி எழுந்தது. விரல் எழவில்லை.

"மணி எங்க? எடுத்துட்டானுங்க, பாவிங்க!"

"ஆமா மச்சான், காணோம்" என்றார் பட்டறைக்காரர்.

எனக்குக் கேட்டிருந்தது. மூன்றும், முன்பைவிடத் துல்லியமாக. ஆனாலும் அண்ணன் சொல்லச் சொல்ல, புதிய பதிப்பைப் பதினான்காம் இடத்தில் எழுதினேன். அவர் இணையத்தில் உலக ரசிகர்கள் கூடும் பக்கத்தில் நீளமாக ஒரு கண்டனமும் எழுதினார். காதைக் கழுவிக்கொண்டு வரச் சொல்லி எவனோ பதில் போட்டான். அதை அவர் எங்களுக்கு இரண்டு முறை வாசித்துக் காட்டினார்.

அந்த வாரம் முழுக்க எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. அவருக்கு மணி கேட்காததற்கான காரணங்களைப் பட்டியலிட்டேன்: ஸ்பீக்கர், ஊசியின் தேய்மானம், அவர் உட்காரும் மூலை. ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தேன். மிஞ்சிய ஒன்றை எழுதக் கை வரவில்லை.

அடுத்த ஞாயிறு, பழைய தட்டைக் கேட்கலாம் என்றேன். அவர்கள் தேநீர் கலக்கும்போது ட்ரெபிள் குமிழை முழுவதுமாகக் குறைத்துவைத்தேன். கூர்மையான ஒலி எதுவும் வராது. டிரம்ஸ் அடங்கியது. ஆர்கன் நின்றது. மணி வரவே இல்லை. அண்ணனின் விரல் மட்டும் மூன்று முறை எழுந்தது, அதனதன் நேரத்தில், புன்னகையோடு. பழகிய தட்டில் நினைவே மணியடித்திருக்கிறது; புதியதில்தான் காதால் தேடியிருக்கிறார்.

நான் நிமிர்ந்தபோது பட்டறைக்காரர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கிளம்பியதும் வண்டிச் சாவியைத் தரும் சாக்கில் என்னோடு வெளியே வந்தார். "அவனுக்குக் கேக்கலைன்னு எனக்கு ரெண்டு வருசமா தெரியும்மா. சொல்லிடாத. இதை விட்டா அவனுக்கு வேற என்ன இருக்கு?"

சொன்னால் இது போகும். சொல்லாவிட்டால் மற்றதெல்லாம் போகும். தினமும் எட்டு மணி நேரம் அந்த இயந்திரத்தின் அருகில் வெறும் காதோடு நிற்கிறார். மெல்லிய ஒலிகள் முதலில் போகும். பிறகு சொற்களின் ஓரங்கள். பிறகு அவர் மகளின் குரல். என் வேலையில் அந்த வரிசையை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

அடுத்த வாரம் சோதனைக் கருவியை எடுத்துப் போனேன். சும்மா விளையாட்டுக்கு என்றேன். அண்ணன் உற்சாகமாக ஹெட்போனை மாட்டிக்கொண்டார். ஸ்டூலைத் திருப்பிப் போட்டு, எனக்கு முதுகு காட்டி உட்கார வைத்தேன்.

ஒலியை அனுப்பினேன். இன்னும் கூட்டினேன். அவர் கையில் பட்டன் அசையவில்லை. ஆறாவது ஒலியும் போன பிறகு, திரும்பாமலே கேட்டார்: "தங்கச்சி, ஆரம்பிச்சிட்டியா இல்லையா?"

பட்டறைக்காரர் எழுந்து ஷட்டரை முழுவதும் இறக்கினார்.

முடிவுத் தாளை அண்ணன் வெகுநேரம் பார்த்தார். இடமிருந்து வலமாக ஓடிய கோடு திடீரென்று செங்குத்தாக இறங்கியிருந்தது. "மலையை வெட்டுன மாதிரி இருக்கு. நம்ம குவாரி மாதிரி" என்றார். நான் என்னென்னவோ ஆறுதல்கள் தயாரித்து வைத்திருந்தேன். அவர் கேட்டது வேறு.

"அப்ப புதுத் தட்டுல மணி இருக்கா?"

"இருக்கு அண்ணே. மூணும்."

"லிஸ்ட்டைக் கொண்டா. பதினாலை அடி. நெட்ல திட்டுன அந்தப் பசங்களுக்கும் மன்னிப்பு எழுதணும்லா." எழுதிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார். போகும்போது பட்டறைக்காரரின் தோளைப் பிடித்து, "நீயும் மறைச்சியாடா?" என்று மட்டும் கேட்டார்.

இப்போது அவர் இயந்திரத்தை விட்டு, குவாரியின் லாரி எடை போடும் அறையில் இருக்கிறார். காதில் கருவி மாட்டியிருக்கிறார். பேச்சு திரும்பியது, மணி திரும்பவில்லை. ஒவ்வொரு முறை சோதிக்கும்போதும் கோடு இன்னும் இறங்கியிருக்குமோ என்று பழைய தாளை அருகில் வைத்து ஒப்பிடுகிறேன்.

போன ஞாயிறும் பி பக்கம் கேட்டோம். ஆர்கன் நின்றதும் அவர் கண்களைத் திறந்துகொண்டார். கண்ணாடிக்கு அப்பாலிருந்த தோளைப் பார்த்துப் பழகிய அந்தக் கண்கள் என் கையில் நின்றன. நான் காத்திருந்து, மணி உண்மையிலேயே ஒலித்த பிறகே விரலை உயர்த்தினேன். ஒன்று. இரண்டு. மூன்றாவதற்கு அவர் விரலும் கூடவே எழுந்தது.