இடது ஓரத்தில் ‘வீடு’

பிரவுசரைக் காசு கொடுத்து வாங்கிய ஆள் நான். சிறுசேரியில் எங்கள் அலுவலகத்தில் இதைச் சொன்னால் இன்றைக்கும் சிரிப்பார்கள். ஊரே இலவசமாக இறக்கிக்கொள்ளும் ஒன்றுக்குச் சந்தா கட்டுகிறேன் என்றதும், "காத்துக்கும் பில் வாங்குவியா மச்சான்?" என்று கேட்டான் பக்கத்து இருக்கைக்காரன். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஆனால் வாங்கிய காரணத்தை அவனிடம் சொல்ல முடியாது. அதனால் கோபத்தை விழுங்கிக்கொண்டு காபி வாங்கப் போய்விட்டேன்.

காரணம், மூலம். உட்கார்ந்தே சம்பாதிப்பவர்களுக்கு வருகிற வியாதிதான். ஒருநாள் அதற்கு ஒரு களிம்பைத் தேடிப் பார்த்தேன். பார்த்ததோடு சரி, வாங்கக்கூட இல்லை. அதற்குப் பிறகு நான் செய்தி படித்தாலும், ரயில் நேரம் பார்த்தாலும் அந்தக் களிம்பு விளம்பரம் விடாமல் கூடவே வந்தது. ஒரு கூட்டத்தில் என் திரையை எல்லோருக்கும் காட்டி விளக்கிக்கொண்டிருந்தபோது, நாற்காலியிலிருந்து முகத்தைச் சுளித்தபடி எழும் ஒரு மனிதரின் படம் பெரிதாக வந்து நின்றது. மறுநாள் என் நாற்காலியில் யாரோ ஒரு மெத்தையை வைத்திருந்தார்கள். அன்று மாலையே சந்தா கட்டினேன்.

நல்ல பிரவுசர்தான், அதைக் குறை சொல்ல மாட்டேன். விளம்பரம் கிடையாது. நாம் எங்கே போகிறோம், என்ன பார்க்கிறோம் என்று எவனும் வேவு பார்க்க முடியாது. திறந்து வைத்த டேப்புகள் எல்லாம் மேலே நெருக்கியடிக்காமல் இடது ஓரத்தில் வரிசையாக நிற்கும். ஒரே சந்தாவில் வீட்டுக் கணினியிலும் போட்டுக்கொள்ளலாம் என்றார்கள். செங்கல்பட்டில் எங்கள் வீட்டில் நாங்கள் இருவர்தான். மனைவி தனியார் பள்ளி ஒன்றில் கணக்கு டீச்சர். வீட்டு மேசையில் இருக்கும் பழைய கணினியில் வினாத்தாள் தயாரிப்பாள். அவளுக்கும் அதைப் போட்டுக் கொடுத்தேன்.

"இதுல யாரும் உன் பின்னாடியே வந்து பார்க்க மாட்டாங்க" என்றேன் பெருமையாக.

"என்னிய யாருங்க பாக்கப் போறாங்க? கொஸ்டின் பேப்பர் அடிக்கறதையா?" என்று சிரித்தாள். அவள் கருங்குழிக்காரி. பள்ளியில் எப்படிப் பேசுவாளோ, வீட்டுக்கு வந்துவிட்டால் ஊர்ப் பேச்சுதான். "இதுக்குப் போயி டப்பு கட்டிகினு கீறீங்களே" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

இரண்டு கணினிகளுக்கும் பெயர் கேட்டது. ஒன்றுக்கு ‘ஆபீஸ்’, இன்னொன்றுக்கு ‘வீடு’ என்று கொடுத்தேன். மறுநாள் அலுவலகத்தில் திறந்தால், என் டேப்புகளுக்குக் கீழே ‘வீடு’ என்று ஒரு தலைப்பு. அதை அமுக்கினால் வீட்டுக் கணினியில் அவள் திறந்து வைத்திருக்கும் பக்கங்கள் எல்லாம் ஒன்றன்கீழ் ஒன்றாக வந்தன. ஒரே கணக்கு என்பதால் அப்படி. அமைப்புகளுக்குள் போய் நிறுத்திவிட ஒரு நிமிடம்கூட ஆகாது. நிறுத்தத்தான் போனேன். போனவன், என் டேப்புகள் அவளுக்குத் தெரியாதபடி மட்டும் செய்துவிட்டுத் திரும்பி வந்தேன். அவளுடையதை அப்படியே விட்டுவைத்தேன்.

பள்ளி விட்டு வந்து நாலரைக்கு அவள் கணினியைத் திறப்பாள். நான் ஆறு மணிக்குத்தான் பஸ் ஏறுவேன். நடுவில் உள்ள அந்த நேரம் எனக்குப் பழகிப்போனது. சந்தேகம் ஒன்றும் இல்லை, சத்தியமாக இல்லை. ரோஜாச் செடிக்கு இலை ஏன் சுருளுகிறது, நாலாம் வகுப்புக்குப் பின்னத்தை எப்படிச் சொல்லித் தருவது, இப்படித்தான் இருக்கும். ஒருநாள், குதிகால் வெடிப்புள்ளவர்களுக்கு மெத்தென்ற செருப்பு. நாள் முழுக்க வகுப்பில் நிற்கிறவள். சனிக்கிழமை கடைத்தெருவில் தேடி, அதே மாதிரி ஒரு ஜோடி வாங்கி வந்தேன்.

"ஏங்க, எப்டிங்க தெரிஞ்சிது? நான் வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லலியே!"

"உன் காலைப் பார்த்துக்கிட்டுதானே இருக்கேன்" என்றேன். எவ்வளவு சரளமாக வந்தது அந்தப் பொய். அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்தபோது எனக்கே அது உண்மை போல இருந்தது.

பிறகு மாமல்லபுரம் கலங்கரை விளக்கம். எத்தனை மணிக்குத் திறக்கும், எத்தனை படி என்று அவள் தேடியிருந்தாள். பக்கத்திலேயே பிறந்து வளர்ந்தும் ஒருமுறைகூட அவள் ஏறியதில்லை. அடுத்த ஞாயிறு நானாகவே சொல்வதுபோல, "சும்மா லைட் ஹவுஸ் பக்கம் போய்ட்டு வருவமா?" என்றேன். மேலே நின்று கடலைப் பார்த்தவள், என் பக்கம் திரும்பி என்னையே பார்த்தாள். அந்தப் பார்வைக்கு உரியவன் வேறு யாரோவாகத்தான் இருக்க வேண்டும். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தேன்.

கருங்குழியில் அவள் அக்கா வீட்டில் என் புகழ் பரவிவிட்டது. "நான் மனசுல நெனச்சா போதும்கா, இவருக்குத் தெரிஞ்சிடுது" என்று இவள் சொல்ல, லோடு வண்டி ஓட்டும் சகலை என்னைத் தனியே தள்ளிக்கொண்டு போனார். "இன்னா சகல, உன்னக் காட்டிக் காட்டி எங்க வூட்ல ஒரே பேஜாரா கீது. அப்டி இன்னாதான் வித்த வச்சிகினு கீற? எனக்கும் சொல்லு." நான் அடக்கமாகச் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

ஒரு செவ்வாய்க்கிழமை நாலரை மணி. ‘வீடு’ என்ற தலைப்பின் கீழே, ‘மார்பில் வலி இல்லாத கட்டி’ என்று இருந்தது. அதன் கீழே இன்னொன்று, இன்னொன்று. கடைசியில் செங்கல்பட்டில் ஒரு ஸ்கேன் சென்டர். என் கை மவுஸ் மேலேயே இருந்தது. யாரோ என்னைக் கூப்பிட்டார்கள், என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை.

வீட்டுக்குப் போனேன். அடை சுட்டுக்கொண்டிருந்தாள். சொல்வாள் என்று காத்திருந்தேன். தட்டில் அடையை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்து என் முகத்தையே பார்த்தாள். "ஏன் ஒரு மாதிரி கீறீங்க?" என்றாள். வேலை அதிகம் என்றேன். இன்னும் கொஞ்ச நேரம் பார்த்திருந்துவிட்டு எழுந்துபோனாள்.

எப்படித் தெரியும் என்று கேட்டால் மாட்டிக்கொள்வேனே, அதனால்தான் கேட்கவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது வெறும் சாக்கு. செருப்புக்கு உன் காலைப் பார்த்தேன் என்று சொல்லத் தெரிந்தவனுக்கு, உன் முகத்தைப் பார்த்தேன், உடம்புக்கு என்ன என்று கேட்கத் தெரியாதா? கேட்டிருந்தால் துளிகூடச் சந்தேகப்பட்டிருக்க மாட்டாள். எனக்குப் பயம். கேட்டுவிட்டால் அது என் வீட்டுக்குள் வந்துவிடும். கேட்காதவரை அது ஒரு பட்டியலில் மட்டும் இருக்கும். தெரியாதவனாக இருப்பது எனக்கு வசதியாக இருந்தது.

வியாழக்கிழமை காலை, "லீவு போட்டுட்டேன், கருங்குழி போயி அக்காவப் பாத்துட்டு வரேன்" என்றாள். பதினோரு மணிக்கு ஸ்கேன் என்று, முந்தின நாள் பட்டியலில் வந்த முன்பதிவுப் பக்கத்தைப் பார்த்து எனக்குத் தெரியும். "சரி, பார்த்துப் போ" என்று சொல்லிவிட்டு அலுவலக பஸ் ஏறினேன். எங்கள் வீட்டு ஜன்னலுக்கு நேர் எதிரேதான் பஸ் நிற்கும். நான் திரும்பிப் பார்க்கவில்லை. அன்று முழுக்க ‘வீடு’ மௌனமாக இருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதன் பிறகு ஊசி போட்டு எடுத்த சோதனையின் முடிவுக்காக ஒரு வாரம். ஒரு மாலை அவள் படித்துக்கொண்டிருந்த பக்கத்தையே நானும் திறந்து படித்தேன். அவள் செங்கல்பட்டில், நான் சிறுசேரியில், ஒரே பக்கம். அவளுக்கு அது தெரியாது. முடிவு வந்ததும் எனக்குப் பட்டியல் வழியாகத்தான் தெரிந்தது. ஆபத்தில்லாத சாதாரணக் கட்டிக்கு என்ன பெயரோ, அந்தப் பெயரைத் தேடியிருந்தாள். கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

ஞாயிற்றுக்கிழமை அவளாகவே மாமல்லபுரம் போகலாம் என்றாள். கடற்கரையில், படகுகளைத் தாண்டி உட்கார்ந்தோம். செருப்பைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தாள். "ஒங்க கிட்ட ஒண்ணு சொல்லணும், கோச்சிக்கக் கூடாது" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னாள். கட்டி, ஸ்கேன், ஊசி, ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்னது.

"ஏன் என்கிட்ட சொல்லல?" என்றேன். கேட்பதற்கு எனக்கு வாய் வந்தது பாருங்கள்.

"சொல்லணும்னுதான் இருந்தேன். அப்புறம், செருப்பு வேணும்னு நான் சொன்னேனா? லைட் அவுஸ் ஏறணும்னு சொன்னேனா? அதெல்லாம் கண்டுபுடிச்சவரு இதையும் கண்டுபுடிப்பாருன்னு ஒங்க மூஞ்சையே பாத்துகினு இருந்தேன். அன்னிக்குக் காலைல நீங்க பஸ் ஏறுற வரிக்கும் ஜன்னல்லதான் நின்னுகினு இருந்தேன். எறங்கி வந்துடுவீங்கன்னு ஒரு நெனப்பு."

நான் மணலைக் கிளறிக்கொண்டிருந்தேன். அவள் என் கையைத் தட்டிக் கொடுத்தாள். "பரவால்லங்க. நீங்க இன்னா சாமியா, எல்லாம் தெரியறதுக்கு?"

"தெரியாமப் போச்சும்மா" என்றேன்.

மறுநாள் ‘வீடு’ என்பதைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு, அவளுக்குத் தனியாக ஒரு சந்தா கட்டினேன். பாவத்துக்குப் பரிகாரம் என்று பெரிதாக நினைப்பு. அதோடு என் வித்தையும் போயிற்று. பிறந்தநாளுக்கு அவளுக்குப் பிடிக்காத நிறத்தில் புடவை. அவள் வேண்டாம் என்று ஒதுக்கிய மிக்சியையே வாங்கி வந்தேன். தலைவலியோடு படுத்திருந்தவளைச் சினிமாவுக்குக் கூப்பிட்டேன். இத்தனை வருடம் கூட வாழ்ந்தும் அவளைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரியாது என்பது அப்போதுதான் தெரிந்தது. சகலை போன் செய்து குஷியாகச் சிரித்தார்.

"எங்க அக்கா வூட்டுக் கண்ணுதாங்க. அத்தினி பேரு எதிர்ல ஒங்களப் பெருமையாப் பேசிட்டேன், பட்டுடுச்சு" என்றாள். போன ஞாயிறு விளக்கு வைக்கும் நேரத்தில் என்னைக் கிழக்கே பார்த்து உட்கார வைத்தாள். உப்பும் காய்ந்த மிளகாயும் கைக்குள் மூடி, மூன்று முறை என் தலையைச் சுற்றினாள். பிறகு கையை என் வாயருகே நீட்டி, "மூணு வாட்டி துப்புங்க" என்றாள். துப்பினேன்.

கேஸ் அடுப்பில் இரும்புக் கரண்டியை வைத்து மிளகாயைப் போட்டாள். திருஷ்டி இருந்தால் நெடி வராது என்பது அவர்கள் வீட்டுக் கணக்கு. மிளகாய் கருகியது. நெடி அப்படியே மூக்கில் ஏற, இருவரும் இருமினோம். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கரண்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"நெடி வருதே. அப்ப கண்ணு ஒண்ணும் படலியே. அப்ப இன்னாதாங்க ஆச்சி ஒங்களுக்கு?"

இருமல் நின்ற பிறகும் நான் இருமிக்கொண்டே இருந்தேன்.