அடித்த பிறகு கேட்டால் கிடையாது

ஸ்குவாஷ் ஆடும் அறையில் எதிர்ச்சுவரின் அடியில் முழங்கால் உயரத்துக்கு ஒரு தகரம் இருக்கும். பந்து அதில் பட்டால் ‘டங்’ என்று சத்தம் வரும், அடித்தவனுக்கு அந்தப் பாயிண்ட் போச்சு. கும்மிடிப்பூண்டியில் எங்கள் கம்பெனி ஆபீசர்கள் கிளப்பில் இருந்த அந்தத் தகரத்தை வெட்டியவர், அதே கம்பெனியில் தகடு வெட்டும் என் அக்கா புருஷன். நான் அங்கே மார்க்கர்: கூட்டிப் பெருக்கி, பாயிண்டைக் கத்திச் சொல்லும் வேலை. எட்டாவதில் இரண்டு முறை உட்கார்ந்தவனுக்குக் கத்துவதுதானே வரும்?

“இன்னா மாமா, இன்னைக்கும் உன் தகரம் கத்திக்கினே இருந்திச்சு” என்று சீண்டுவேன். “கத்தட்டும்டா. நமக்கு பதிலா அதுனாச்சும் கத்துதே” என்பார்.

ஆட்ட விதிகளை எனக்குச் சொல்லித் தந்தவர், தொழிலாளர் விவகாரங்களைப் பார்க்கும் பர்சனல் ஆபீசர். மேலே பால்கனியில் உட்கார்ந்து தகராறுகளைத் தீர்க்கும் ரெஃபரி அவர்தான். “வழியில ஆள் நின்னா அடிக்காதே. நின்னு, ‘லெட் ப்ளீஸ்’னு கேளு. அந்தப் பந்தை மறுபடி ஆடலாம். அடிச்சிட்டு வந்து கேட்டா கிடையாது” என்பார். ஒருமுறை பெரிய மேனேஜரே வேண்டுமென்று வழியை மறித்து நின்றபோது, பாயிண்டைச் சின்ன இன்ஜினியருக்குக் கொடுத்தார். மேனேஜர் முறைத்தார், இவர் அசையவில்லை. அன்றிலிருந்து அந்த மனுஷனை நான் நம்பினேன்.

அந்த மழைக்காலத்தில் தகடு வெட்டும் மெஷினில் மாமாவுக்கு இரண்டு விரல் போனது. கை உள்ளே போகாமல் காக்கும் கம்பித் தடுப்பு முன்பே உடைந்திருந்தது. “ஓட்டுப்பா, அப்புறம் பாத்துக்கலாம்” என்று தான் சொன்னதை ஃபோர்மேனே விசாரணையில் ஒப்புக்கொண்டார். விசாரித்தவர் பர்சனல் ஆபீசர்; மாமாவுக்குத் துணையாக நானும் போயிருந்தேன். மாமாவின் வேலை தப்பித்தது என்றே நினைத்தேன்.

“தடுப்பு இல்லன்னு உனக்குத் தெரியும். மெஷினை நிறுத்தினியா?”

“நிறுத்துனா ஊட்டுக்குப் போன்னுவாங்க சார்.”

“நிறுத்தல, ஓட்டிட்ட. அப்புறம் வந்து கேட்டா எப்படி?”

குரலில் கோபமே இல்லை. பால்கனியிலிருந்து வரும் அதே குரல். கவனக்குறைவு என்று எழுதி மாமாவை வேலையிலிருந்து நீக்கினார்கள். ஆட்டத்தில் நின்று கேட்பவனுக்குப் பந்து திரும்பக் கிடைக்கும். மெஷினை நிறுத்திக் கேட்பவனுக்கு என்ன கிடைக்கும் என்று அவருக்குத் தெரியாதா? ஆளை எடுப்பதும் அனுப்புவதும் அவர் வேலைதானே.

அடுத்த வாரம் அவரே ஆட வந்தார். மேலே ரெஃபரி இல்லை, தீர்ப்பும் என்னுடையது. சின்ன இன்ஜினியர் வழியில் நின்றார். இவர் நிற்காமல் வீச, பந்து மாமாவின் தகரத்தில் ‘டங்’ என்று பட்டது. பிறகுதான் கையைத் தூக்கினார்: “லெட் ப்ளீஸ்.”

“கிடையாது சார். நிறுத்தல, அடிச்சிட்டீங்க. அப்புறம் வந்து கேட்டா எப்படி?”

அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்சம் யோசித்தார். “கரெக்ட். நல்லா கத்துக்கிட்ட” என்று சிரித்துவிட்டு, அடுத்த பந்துக்குப் போய் நின்றார். அவருக்கு எதுவும் ஞாபகம் வரவில்லை.

கிளப் மூடி அந்த அறை இப்போது உரக் கிடங்கு. லோடு இறக்கப் போனவன், மூட்டைகளுக்கு நடுவே துருப்பிடித்துத் தெரிந்த தகரத்தை ஒரு உதை விட்டேன். மூட்டை அழுத்திக்கொண்டிருந்ததால் சத்தமே வரவில்லை.