பொட்டு வைத்த கொடுவாள்

எட்டு மாதமாக எங்கள் வீட்டில் கூர்மையான பொருள் எதுவும் கண்ணில் படாது. அப்பாவுக்கு மறதி நோய். மறதியைக்கூடச் சமாளித்துவிடலாம், அதோடு வந்த சந்தேகமும் கோபமும்தான் பெரும்பாடு. ஒருமுறை தோசைத்திருப்பியால் என் காதைப் பதம் பார்த்தார். அன்றே அரிவாள்மனை, கத்தி, கத்தரிக்கோல் எல்லாம் பீரோவுக்குள் போயின. நகைக்குத் திறந்ததைவிட வெங்காயத்துக்குத்தான் என் மனைவி அந்தப் பீரோவை அதிகம் திறந்திருப்பாள்.

இவ்வளவு ஜாக்கிரதையான நான் ஆயுத பூஜையன்று காலையில் என்ன செய்தேன் என்றால், அத்தனையையும் வெளியே எடுத்துப் புளி போட்டுத் தேய்த்து, சந்தனம் குங்குமம் வைத்துக் கூடத்தில் வரிசையாக அடுக்கினேன். கீரப்பாளையத்தில் எங்களுக்கு நிலம் இருந்த காலத்து அப்பாவின் கொடுவாள் நடுவில். வருஷா வருஷம் செய்வது. கை அதுபாட்டுக்குச் செய்தது. மறதி நோய் பற்றி நான் விழுந்து விழுந்து படித்த நான்கு புத்தகங்களையும் சரஸ்வதிக்கென்று பக்கத்தில் அடுக்கிப் பொட்டு வைத்தேன். அன்று ஒரு நாள் அவற்றைத் திறக்கக் கூடாது.

கடலூரிலிருந்து அக்கா பதினோரு மணிக்கு வருவதாக இருந்தாள். அவள் வீட்டருகே ஒரு முதியோர் இல்லத்தில் இடம் இருந்தது. அப்பாவை அங்கே சேர்ப்பதா வேண்டாமா என்று நேரில் பார்த்து முடிவு செய்யத்தான் வருகிறாள். "நானே பாத்துக்குவேன்" என்று போனில் வீரம் பேசியிருந்தேன். நாலு நாள் லீவுக்கு மனைவியை அவள் அம்மா வீட்டுக்கு அனுப்பியதும் அந்த வீரத்தில் சேர்த்தி.

அப்பா குளித்துவிட்டு வாசலுக்குப் போனார். கேட்டின் இரண்டு பக்கமும் நான் கட்டியிருந்த வாழைக்கன்றுகளைப் பார்த்தார்.

"எவன்டா என் கொல்லையில பூந்து வாழய வெட்டுனது?"

"பூஜைக்கு வாங்குனதுப்பா. மார்க்கெட்ல."

"திருட்டு நாயே, அதுக்குள்ள மார்க்கெட்ல வித்துட்டியா?"

விடுவிடென்று உள்ளே வந்தார். தேடுகிற சிரமத்தைக்கூட நான் அவருக்கு வைக்கவில்லை. கொடுவாளை எடுத்தார். என் பெயரை மறந்தவருக்கு அதன் பிடி மறக்கவில்லை.

முதல் வெட்டில் பொரிகடலைத் தட்டு இரண்டானது. அடுத்தது, தடுக்க நீட்டிய என் இடது கையைக் கிழித்தது. சுவரோடு தள்ளி என் குரல்வளையில் முழங்கையை ஊன்றினார். எழுபத்தெட்டு வயது. மூச்சு முட்டியது. மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினேன். கொடுவாள் விழுந்தது. அதைக் காலால் மிதித்துக்கொண்டு கன்னத்தில் ஓங்கி அறைந்தேன். மடங்கி உட்கார்ந்தார். உட்கார்ந்தவரை இன்னொரு முறை அறைந்தேன்.

முதல் அடியைத் தற்காப்பு என்று சொல்லிக்கொள்ளலாம். இரண்டாவதற்கு, இத்தனை படித்தும், ஒரு சொல் அகப்படவில்லை.

எல்லாவற்றையும் பீரோவில் தள்ளிப் பூட்டினேன். தரையில் ரத்தமும் குங்குமமும் கலந்து கிடந்தன. இரண்டையும் ஒரே துணியால் துடைத்தேன். கையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, "பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டாரு" என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

அக்கா செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"இன்னாடா இது, அப்பா கன்னம் இப்டி வீங்கியிருக்கு?"

நான் வாய் திறப்பதற்குள் அப்பா சொன்னார்: "திருடன் பூந்துட்டாம்மா. என்னப் போட்டு அடிச்சிட்டான். இந்தத் தம்பி மட்டும் இல்லன்னா கொன்னே போட்டுருப்பான். பாவம், கையெல்லாம் ரத்தம். மொதல்ல அவருக்கு ஒரு காப்பி குடும்மா."

இதைவிட நல்ல சாட்சி எனக்குக் கிடைக்காது. சும்மா இருந்தால் போதும். அப்பாவும் இங்கேயே இருப்பார், என் மானமும் இருக்கும். ஆனால் அந்தக் கன்னத்தில் என் விரல்கள் நான்கும் தெளிவாகத் தெரிந்தன.

"திருடன் இல்லக்கா. நான்தான் அடிச்சேன். ரெண்டு தடவ. ரெண்டாவது தடவ அவரு கீழ உக்காந்திருந்தாரு."

இந்த மாதிரி இடத்தில் ஏதாவது ஜோக் அடிப்பது என் வழக்கம். ஒன்றும் வரவில்லை. அக்கா குங்குமக் கிண்ணத்தை எடுத்தாள்.

"கைய நீட்டு. அதில்ல, அடிச்ச கை."

உள்ளங்கையில் அழுத்திப் பொட்டு வைத்தாள். "இன்னிக்கு இதுக்கும் வேலை கெடையாது. பேசாம குந்து. சாயந்திரம் நான் அவரக் கூட்டிட்டுப் போறேன்."

"இல்லத்துக்கா?"

"எங்க வூட்டுக்கு. மத்தத அப்பறம் பேசலாம்."

"எனக்குச் சமாளிக்கத் தெரியும்க்கா."

"தெரியுது. கன்னத்துலயே எழுதி வச்சிருக்கியே."

சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் ஒரே கூட்டம். அப்பாவுக்கு ஜன்னலோர சீட் கிடைத்தது. காலையில் நடந்தது எதுவும் அவரிடம் இல்லை, திருடனையும் மறந்துவிட்டார். "தம்பி, வாழயப் பாத்துக்கப்பா" என்றார், ரொம்பப் பிரியமாக.

பஸ் நகர்ந்தது. டாட்டா காட்டக் கையைத் தூக்கினேன். அப்பா சட்டென்று தலையைக் குனிந்து, இரண்டு கையாலும் முகத்தை மறைத்துக்கொண்டார்.