வங்காளம் மட்டும் கேட்கும் பெட்டி

பவானிபூரில் நாங்கள் குடியிருந்த சந்தில், சண்டையே போடாத குடும்பம் என்று எங்களுக்கு ஒரு பெயர் இருந்தது. மாடியில் இருக்கும் மதராஸி பெண்டாட்டியிடம் குரலை உயர்த்துவதே இல்லை என்று கீழ் வீட்டு மாஷிமா பார்ப்பவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்லுவாள். வங்காளத்தில் மாஷிமா என்றால் பெரியம்மா. வீட்டுக்காரரின் மனைவியை அந்தச் சந்தே அப்படித்தான் கூப்பிடும். அந்த நல்ல பெயர் எங்களுக்கு வந்ததற்கு அவள்தான் காரணம் என்பது அவளுக்கே மறந்துபோயிருந்தது.

நான் கைக்குழந்தையாக இருந்தபோது வந்த ஒரு பொல்லாத காய்ச்சலில் அம்மாவின் காது போய்விட்டது. திருநெல்வேலியிலிருந்து வந்து வருஷம்கூட ஆகவில்லை, வங்காளம் ஒரு வார்த்தை தெரியாது. அப்பாவுக்குக் கார்டன் ரீச்சில் ரயில்வே ஆபீசில் வேலை. அவர் காலையில் 'சாப்பாடு எடுத்து வை' என்று அம்மாவிடம் சொன்னால் டிராம் டெப்போ வரை கேட்கும். ஒரு நாள் மாஷிமா கையில் கரண்டியோடு மாடியேறி வந்து, காது கேளாத பெண்ணை இப்படியா விரட்டுவது என்று அவரைப் பிடிபிடியென்று பிடித்துவிட்டாள். விளக்கம் சொல்ல அப்பாவுக்கு அப்போது வங்காளம் போதாது. பஸ்ஸில் டிக்கெட் கேட்கும் அளவுக்குத்தான் தெரியும்.

மறுநாளிலிருந்து அவர் குரலை விட்டுவிட்டார். அம்மா எப்படியும் உதட்டைப் பார்த்துத்தானே புரிந்துகொள்கிறாள், அதற்குச் சத்தம் எதற்கு? வாயை நன்றாகத் திறந்து, ஒவ்வொரு சொல்லையும் உதட்டால் மட்டும் செய்து காட்டுவார். அம்மா அதற்குக் குரலோடு பதில் சொல்லுவாள். நான் வளர்ந்து பேசத் தொடங்கியபோது வீட்டில் இதுதான் வழக்கம். நானும் அப்பாவும்கூட ஒருவருக்கொருவர் சத்தமில்லாமல்தான் பேசிக்கொள்வோம், அம்மாவை விட்டுவிட்டுப் பேசினால் அவள் முகம் வாடிவிடும். குரல் என்பது தெருவில் வங்காளம் பேசுவதற்கு உள்ளது, அம்மாவைத் தவிர மற்றவர்களுக்குத் தமிழ் உதட்டால் பேசுவது. ஏழெட்டு வயது வரை உலகம் முழுக்க இப்படித்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் அந்தப் பெட்டி வந்தது. சிகரெட் பாக்கெட் அளவில், ஓரத்தில் ஒரு சின்னச் சக்கரம், அதிலிருந்து காது வரை ஒரு ஒயர். அம்மாவுக்குக் கொஞ்சம் காது மிச்சம் இருக்கிறது, மிஷின் வைத்தால் கேட்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். தர்மதலாவில் இருந்த கடைக்காரர், ஒரு வாரம் போட்டுப் பாருங்கள், ஒத்துக்கொள்ளாவிட்டால் சனிக்கிழமை திருப்பிக் கொண்டுவந்துவிடலாம் என்று நல்ல மனதோடு கொடுத்தார். அவர் கை தட்டினார், மணியடித்தார், வங்காளத்தில் நலம் விசாரித்தார். எல்லாவற்றுக்கும் அம்மா தலையாட்டினாளாம்.

வீட்டுக்கு வந்ததும் பழைய புடவைத் துணியில் ஒரு பை தைத்து, பெட்டியை அதில் போட்டு மார்பில் கட்டிக்கொண்டாள். முந்தானை உரசும்போதெல்லாம் யாரோ வைக்கோலை இழுப்பது மாதிரி இருக்கிறது என்றாள். பம்ப் ஸ்டவ்வைப் பற்றவைத்தவள் அது வெடிக்கப் போகிறது என்று அணைத்துவிட்டு வாசலுக்கு ஓடிவந்தாள். அந்த இரைச்சலோடு இத்தனை வருஷம் சமைத்தவள் அவள்தான் என்று புரியவைப்பதற்குள் அரிசி ஊறிப்போயிற்று. சாயங்காலம் விளக்கேற்றும் நேரத்தில் வங்காள வழக்கப்படி வீட்டுக்கு வீடு சங்கு ஊதியபோது கையிலிருந்த தம்ளரைக் கீழே போட்டாள். அதற்குப் பிறகுதான் தன் குரலைத் தானே கவனித்தாள்.

"இவ்வளவு சத்தமாவா நான் இத்தனை நாளும் பேசிக்கிட்டு இருந்தேன்? நீங்க யாரும் சொல்லலியே" என்றாள். அன்று ராத்திரி முழுக்கக் கிசுகிசுவென்றே பேசினாள். எனக்குப் பாவமாக இருந்தது.

மூன்றாம் நாள் அம்மாவின் முகம் தொங்கிவிட்டது. காக்கா கேட்கிறது, டிராம் வளைவில் திரும்புவது கேட்கிறது, மாஷிமா வேலைக்காரியைத் திட்டுவது நன்றாகக் கேட்கிறது. நானும் அப்பாவும் பேசுவதுதான் கேட்கவில்லை. அப்பா சக்கரத்தை ஏற்றினார், இறக்கினார், பாட்டரியை மாற்றினார். ஒயரை ஊதிக்கூடப் பார்த்தார். பிறகு பக்கத்தில் உட்கார்ந்து, 'இப்ப கேக்குதா?' என்று வழக்கம்போல உதட்டால் கேட்டார்.

"கேக்கலை" என்றாள் அம்மா. "நீங்க சொல்லுதது தெரியுது, கேக்கலை. இது இந்த ஊர்ல வாங்கினதுல்லா, வங்காளம் மட்டுந்தான் கேக்கும்போல."

ரயில்வே ஆபீசில் சரக்கு வண்டிக் கணக்கில் ஓட்டை கண்டுபிடிப்பதற்கென்றே அப்பாவைக் கூப்பிடுவார்கள் என்று கேள்வி. அப்படிப்பட்டவர் அம்மா சொன்னதைக் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, இருக்கலாம் என்று தலையாட்டினார். எனக்கும் அது நியாயமாகவே பட்டது. எங்கள் மூவருக்கும் இருந்த மூளை அவ்வளவுதான்.

சனிக்கிழமை அரை நாள் ஆபீஸ். அப்பா வந்ததும் கடைக்குப் போவதாக ஏற்பாடு. அட்டைப் பெட்டியும் நூலும் மேஜைமேல் தயாராக இருந்தன. அம்மா கடைசியாக ஒரு தடவை மிஷினைப் போட்டுக்கொண்டு வராந்தாவில் போய் நின்றாள். கீழே சந்தில் நாங்கள் எக்கா தொக்கா ஆடிக்கொண்டிருந்தோம். நம்மூர்ப் பாண்டிதான், பெயர்தான் வேறு. நான் கோட்டை மிதித்துவிட்டேன் என்று எல்லோரும் சேர்ந்து என்னை வெளியே போகச் சொன்னார்கள். மிதிக்கவே இல்லை என்று தொண்டை கிழிய வங்காளத்தில் சண்டைபோட்டுக்கொண்டிருந்தேன். தற்செயலாக நிமிர்ந்தால், மேலே கம்பியைப் பிடித்துக்கொண்டு அம்மா என் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

கையைக் காட்டி மேலே வரச்சொன்னாள். அடி விழும் என்றுதான் போனேன்.

"இப்ப கீழ கத்துனது நீயாட்டி?"

ஆமாம் என்று தலையாட்டினேன்.

"அதே மாதிரி எங்கிட்டப் பேசு."

'என்ன பேச?' என்றேன், உதட்டால்.

அம்மா உள்ளங்கையை என் தொண்டைமேல் வைத்தாள். இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். சொன்னேன். அவள் கைக்குக் கீழே ஒன்றும் அசையவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் வருகிறது, சிரிப்பு நிற்கவில்லை. அந்த நேரம் பார்த்து அப்பா படியேறி வந்தார்.

"இத்தனை வருஷமா எங்கிட்ட ஊமைப் பேச்சா பேசிக்கிட்டு இருந்திய ரெண்டு பேரும்?" என்றாள்.

அப்பா குடையை மூலையில் வைத்தார், சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டார், தொண்டையைக் கனைத்தார். வேலைக்குச் சேரப் போனபோதுகூட அப்படிப் பயந்திருக்க மாட்டார்.

"ஏளா" என்றார். "கேக்குதா?"

அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். எனக்கு ஒரே வெட்கம். எதற்கு என்று தெரியாமல் போய்க் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். அட்டைப் பெட்டியை அப்புறம் நான் கலர் பென்சில் போட்டுவைக்க எடுத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகுதான் எனக்குத் தொல்லை ஆரம்பித்தது. தமிழை உதட்டால் மட்டும் பேசிப் பழகியவள் நான், குரல் கொடுத்துப் பேசினால் அது வங்காளிப் பெண் தமிழ் பேசுவது மாதிரி உருண்டு உருண்டு வந்தது. அப்பா சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், "அந்த ரூமுக்குள்ள போயி அங்கன நின்னு என்னைக் கூப்பிடு" என்பாள். முகத்தைப் பார்க்காமல் கேட்டுப் பழக வேண்டும் என்று கடையில் சொல்லியிருந்தார்களாம். நானும் போய், "அம்மா" என்பேன். பதில் வராது. இன்னும் பலமாக, "அம்மா." அப்போதும் இல்லை.

கீழே பிள்ளைகள் ஆட்டத்தைத் தொடங்கியிருப்பார்கள். எட்டிப் பார்த்தால் அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பாள், கண்ணை மூடிக்கொண்டு, புடவை உரசாதபடி பெட்டியை ஒரு கையால் மூடாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு. போய் உலுக்குவேன்.

"கேக்கலியா?"

"கேக்கலட்டி. இன்னொரு வாட்டி கூப்பிடு."

ஒரு நாள் பொறுக்க முடியாமல் அப்பாவிடம் ஓடினேன். மிஷின் கெட்டுவிட்டது, கடைக்குத் திருப்பிக் கொடுத்துவிடப் போகிறார்கள் என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. அப்பா அறைக்குள் தலையை நீட்டி அம்மாவைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார்.

"கெடலை. நீ கூப்பிட்டுக்கிட்டே இரு" என்றார்.

எனக்கு இரண்டு பேர்மேலும் கோபம். என் குரல்தான் போதவில்லை போலிருக்கிறது என்று தொண்டை வலிக்கும்வரை கூப்பிட்டேன். காய்ச்சலுக்கு முன் அவள் கடைசியாகக் கேட்ட என் குரல் கைக்குழந்தையின் அழுகை. நான் பேசக் கற்றுக்கொண்டதெல்லாம் அவளுக்குக் கேட்காமலேயே நடந்து முடிந்திருந்தது. பதில் சொல்லிவிட்டால் நான் கூப்பிடுவதை நிறுத்திவிட்டு விளையாடப் போய்விடுவேன் என்று அவளுக்குத் தெரியும். எனக்குத் தெரியவில்லை.