கடற்பக்கக் கோடு

எங்கள் ஊர் மைதானத்துக்கு மூன்று பக்கம்தான் சுண்ணாம்புக் கோடு போடுவோம். நாலாவது பக்கம் கடல். அலை எதுவரை ஏறுகிறதோ அதுவரை மைதானம். வற்றில் மைதானம் அகலும், பெருக்கில் ஒடுங்கும். வெளியூர்க் குழுக்கள் இதைப் பற்றி முறைப்பாடு சொல்லுவார்கள். நாங்கள் ஓமோம் என்று கேட்டுக்கொண்டு நிற்போம்.

இருந்தது ஒரே பந்து. அதனால் ஒரு சட்டமும் இருந்தது. யாருடைய காலில் கடைசியாகப் பட்டுப் பந்து கடலுக்குள் போனதோ, அவனே நீந்திப் போய் அதை எடுத்துவர வேண்டும். அவன் வரும்வரை இரண்டு குழுவும் மணலில் குந்தியிருக்கும். வேறொருவன் இரக்கப்பட்டு இறங்கினால், கோயிலில் மணியடிப்பவர்தான் எங்கள் மைதானத்தில் விசிலும் ஊதுவார்; அவர் விடமாட்டார். “அடிச்சவன் எடுக்கட்டும். நீ இரு” என்பார். வாடைக் காலத்தில் பந்து தானாகவே கரைக்கு வந்துவிடும். கரையிலிருந்து சோளகக் காற்றுப் பிடித்துவிட்டால் அது போகிற இடம் அக்கரைக் காரைநகர்.

நான் கோலுக்குள் நின்றவன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுத் தகப்பனாரின் வள்ளத்தில் ஏறினேன். வள்ளத்தில் நின்றால் காற்றை நினைத்துப் பயம். கரைக்கு வந்தால் வள்ளத்தை நினைத்துப் பயம். கோல் காக்கிறவனுக்கு நின்று யோசிக்க நேரம் அதிகம். அது என் குணத்துக்கு நல்லதில்லை.

எனக்கு முன்னால் பின்காவலில், ‘பாக்’ என்று நாங்கள் சொல்லும் இடத்தில், நின்றவன் மாமியின் மகன். மச்சான் என்றுதான் அவனைக் கூப்பிடுவேன். இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். அவனும் நானும் ஒன்றாகக் கடலில் இறங்கியவர்கள். ஆழம் குறைந்த கடலில் கம்பு நாட்டி, வலை கட்டி, மீனை மறிக்கிற களங்கட்டித் தொழில் அவனுடையது. களங்கட்டியில் யாரும் மீனைத் துரத்துவதில்லை. நீளமாக ஒரு வேலி. மீன் அதில் முட்டி, வேலியோரமாகவே நீந்தி, தானாகப் பட்டிக்குள் போய்விடும். மச்சான் பந்து மறித்ததும் அதே மாதிரித்தான். ஓடமாட்டான். விழமாட்டான். எதிரி பந்தோடு வரும்போது கொஞ்சம் சரிந்து நிற்பான், கடற்பக்கத்தை மட்டும் திறந்துவிட்டு. வருகிறவன் அந்தப் பக்கமாக ஓடுவான். ஓட ஓட இடம் ஒடுங்கும். ஒரு பக்கம் மச்சான், மறுபக்கம் கடல். கடலுக்குள் அடித்தால் தானே நீந்த வேண்டும் என்ற நினைப்பு வந்த உடனே அவனுடைய கால் தயங்கும். அந்தத் தயக்கத்தில் பந்து மச்சானிடம் இருக்கும்.

அவன் எடுத்த பந்தை ஒருநாளும் வெளியே உதைத்ததில்லை. உள்ளங்காலால் அமத்திவிட்டு, தலையை நிமிர்த்தி, யாருக்குக் கொடுக்கலாம் என்று பார்ப்பான்.

“அடிச்சுத் தள்ளடா மச்சான்” என்று கத்துவேன்.

“கத்தாதை. பந்து பயந்திடும்” என்பான், திரும்பிப் பாராமலே.

ஒருமுறை அனலைதீவிலிருந்து வந்த குழுவின் முன்வரிசைக்காரன் என்னிடம் கேட்டான், “என்ன காணும், உங்கட பாக் நிண்டபடி நித்திரையோ?” ஆட்டம் முடிய அவனே வந்து மச்சானின் கால்களைக் குனிந்து பார்த்தான். அங்கே பார்க்க ஒன்றுமில்லை. மட்டிச் சிப்பி வெட்டிய தழும்புகள்தான்.

அறுபதுகளின் நடுவில், பட்டினத்தில் நடந்த ஓர் ஆட்டத்தில் அவனைக் கொழும்புப் பெரியவர் ஒருவர் கண்டார். ஓர் அரசாங்கத் திணைக்களத்தின் உதைபந்துக் குழுவுக்குப் பொறுப்பானவர். அதே கந்தோரில் கிளாக்கராக இருந்த, எங்கள் பக்கத்துச் சரவணை ஊர் ஆள் ஒருவர் மூலம் சொல்லியனுப்பினார்: ஒரு பயிற்சி ஆட்டத்துக்கு வரட்டும், பிடித்தால் ஸ்டோர்ஸில் நிரந்தர வேலை, பின்னேரத்தில் குழுவோடு ஆட்டம். அந்த வருடம் மச்சானின் தகப்பன் பாயில் விழுந்து, அவர்களுடைய களங்கட்டி கைமாறிப் போயிருந்தது. இது சரிவராவிட்டால் அவன் மற்றவனின் களங்கட்டியில் கூலிக்கு இறங்க வேண்டியதுதான். அவனுக்குக் கீழே நாலு வாய்.

மாமி என்னைக் கூப்பிட்டா. “நீயும் போ தம்பி. நீ பயந்தவன். பயந்தவனோட போனா ஆள் பத்திரமாய்ப் போய்ச்சேரும்.”

“ஓம் அம்மா. இவன் கோச்சி வெளிக்கிட முன்னமே கொழும்பில இறங்கிவிடுவான்” என்றான் மச்சான்.

தண்டவாளச் சத்தத்தையும் மீறிக் கோச்சியில் அவன் நன்றாக நித்திரை கொண்டான். எனக்கு இரண்டு பயம். அவனை எடுக்காவிட்டால் மாமியின் முகத்தை எப்படிப் பார்ப்பது என்பது ஒன்று. எடுத்துவிட்டால் எனக்கு முன்னால் இனி யார் நிற்பது என்பது மற்றது.

கொழும்பு மைதானத்தைப் பார்த்த உடனே எனக்கு மனம் விட்டுப்போனது. நாலு பக்கமும் கோடு. அவ்வளவு புல்லை ஆடு மாடு இல்லாமல் நான் கண்டதில்லை. ஒரு பக்கம் கம்பி வேலி, வேலிக்கு அப்பால் கறுப்புத் தண்ணீரோடு ஒரு வாய்க்கால், கொஞ்சம் தள்ளி அதன்மேல் ஒரு பாலம். எல்லோருடைய காலிலும் சப்பாத்து. மச்சானுக்குக் கிளாக்கர் ஒரு சோடி கொண்டுவந்திருந்தார். “கவனம், ஒப்பீசில இரவல் வாங்கினது” என்றார். அது பெரிதாக இருந்தது. துணி அடைத்துப் போட்டுக்கொண்டான். முதல்முறை தோணியில் ஏறினவன் போல நடந்தான்.

முதல் பாதியில் அவனுடைய வேலி நிற்கவில்லை. எதிர்ப்பக்கத்தில் மெலிந்த, வேகமான ஒரு பொடியன். மச்சான் வழக்கம்போலக் கோட்டுப் பக்கத்தைத் திறந்துவிட்டான். அந்தப் பொடியனுக்குக் கோடு என்றால் வெறும் சுண்ணாம்பு. தயங்காமல் ஓடிப்போனான், இரண்டு தரம். பொறுப்பானவர் கதிரையில் சாய்ந்து பக்கத்திலிருந்தவரோடு வேறு கதை கதைக்கத் தொடங்கினார். அதைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன், ஆட்டத்தை அல்ல.

மூன்றாம் தரம் மச்சான் காலை நீட்டினான். பந்து சப்பாத்தின் நுனியில் பட்டு எழும்பி, வேலியைத் தாண்டி, வாய்க்காலுக்குள் விழுந்தது.

மச்சான் ஒரு கணமும் யோசிக்கவில்லை. ஓடினான். வேலியில் ஏறி, அந்தப் பக்கம் குதித்து, இடுப்பளவு கறுப்புத் தண்ணீருக்குள் இறங்கினான். எனக்கும் அது பிழையாகத் தெரியவில்லை. பந்து பாலத்தடிக்குப் போகமுன் பிடித்துவிட வேண்டுமே என்றுதான் யோசித்தேன். பிறகுதான் திரும்பிப் பார்த்தேன். யாரும் குந்தியிருக்கவில்லை. கோட்டடியில் ஒருவன் இன்னொரு பந்தை வைத்திருந்தான். உள்ளே எறிந்தார்கள். மச்சான் நிற்க வேண்டிய இடம் வெறுமையாகக் கிடந்தது. மெலிந்த பொடியன் அதற்குள்ளால் போய்க் கோல் அடித்தான்.

மச்சான் பந்தைக் கமக்கட்டில் இடுக்கிக்கொண்டு வேலியால் திரும்ப ஏறி வந்தான். தண்ணீர் சொட்டியது. ஒரு காலில் சப்பாத்து இல்லை; சேறு அதை வைத்துக்கொண்டது. மைதானம் முழுக்கச் சிரித்தது. பொறுப்பானவரும் சிரித்தார்.

“உந்த விசரன் என்ன செய்யிறான்?” என்று கிளாக்கர் என்னைக் கேட்டார். “சப்பாத்து எங்கை?”

நான் வாய்க்காலைக் காட்டினேன்.

இடைவேளையில் மச்சான் மற்றச் சப்பாத்தையும் கழற்றிக் கிளாக்கரிடம் கொடுத்தான். வெறுங்காலோடு இறங்கினான். அதற்குப் பிறகு நான் கண்டதை எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன், ஒருதரமும் சரியாகச் சொன்னதில்லை.

அவன் தன்னுடைய வேலியைத் திருப்பி நாட்டினான். இப்போது கோட்டுப் பக்கத்தைத் தன் உடம்பால் அடைத்து, உட்பக்கத்தைத் திறந்துவிட்டான். மெலிந்த பொடியன் உள்ளே ஓடினான். அங்கே அவனுடைய ஆட்களே நெரிசலாக நின்றார்கள். தலையைத் தூக்கி யாருக்குக் கொடுப்பது என்று தேடின அந்த அரை மூச்சில் பந்து அவனிடம் இல்லை. மச்சான் அவனில் முட்டவும் இல்லை. துணியில் ஒட்டிய மணலைத் தட்டுவது போல எடுத்துவிட்டான். அடுத்த தரமும் அப்படி. அதற்கடுத்த தரம் மூன்று பேர் சேர்ந்து வந்தார்கள். மச்சான் பின்னுக்கு நகர்ந்தான், மெல்ல, கூட்டத்தையே இழுத்துக்கொண்டு. பிறகு நின்றான். மூன்று பேரும் நின்றார்கள். ஏன் நின்றார்கள் என்று அவர்களுக்கே தெரிந்திருக்காது. பந்து அவன் உள்ளங்காலுக்குக் கீழே கிடந்தது.

“அடிச்சுத் தள்ளடா” என்று என் வாய் பழக்கத்தில் கத்தியது. அந்த மைதானத்தில் அப்போது கேட்ட ஒரே சத்தம் அதுதான். சிரித்தவர்கள் எல்லோரும் வாயை மூடியிருந்தார்கள்.

எத்தனையோ வருடம் அவனுடைய முதுகைப் பார்த்துக்கொண்டு கோலுக்குள் நின்றவன் நான். அன்றைக்குத்தான் அவனைப் பக்கவாட்டில் இருந்து பார்த்தேன். இப்படி ஒருவன் எனக்கு முன்னால் நிற்க, நான் எதற்காகப் பயந்தேன் என்று யோசித்தேன்.

முடிந்ததும் பொறுப்பானவர் கூப்பிட்டார். கிளாக்கர் இடையில் நின்று மொழிபெயர்த்தார்.

“ஏன் காணும் வாய்க்காலுக்கை குதிச்சனீர் எண்டு துரை கேக்கிறார்.”

“என்ர காலில பட்டுத்தானே போனது.”

“அதுக்கு?”

“அப்ப நான்தானே எடுக்கவேணும்.”

கிளாக்கர் சொன்னார். துரை வாய்க்கால் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு ஏதோ கேட்டார்.

“உங்கட ஊரில எல்லாரும் இப்பிடியோ எண்டு கேக்கிறார்.”

என்னால் அடக்க முடியவில்லை. “ஓம். ஆனா எங்கட ஊரில மற்றவை குந்தியிருப்பினம். இவையள் இருக்கேல்லை” என்றேன். கிளாக்கர் என்னை ஒரு பார்வை பார்த்தார். அதை மொழிபெயர்த்தாரோ தெரியாது. துரை எழும்பி, மச்சானின் வியர்த்த தோளில் கையை வைத்துவிட்டுப் போனார்.

“திங்கக்கிழமை ஸ்டோர்ஸுக்கு வரட்டாம்” என்றார் கிளாக்கர். “சப்பாத்து அவையே தருவினமாம். வாய்க்காலுக்கை போற பந்தை எடுக்க வேற ஆள் இருக்காம்.”

நான் தனியாக ஊருக்குத் திரும்பினேன். மாமி வீட்டுப் படலையடியில் நின்றா. என் முகத்தைப் பார்த்து, அவன் தோற்றுப்போனான் என்று நினைத்து அழத் தொடங்கினா. எனக்கு முகம் எப்போதும் அப்படித்தான் என்று சொல்லிப் புரியவைக்கக் கொஞ்ச நேரம் எடுத்தது.

மச்சான் அந்தக் குழுவின் பின்காவலில் எழுபதுகளின் கடைசிவரை நின்றான். பகலில் ஸ்டோர்ஸில் சாமான் இறக்கினான், பின்னேரங்களில் விளையாடினான். தகப்பனுக்கு மருந்து பார்த்தான், களங்கட்டியைத் திரும்ப எடுத்தான். ரேடியோவில் ஆட்டம் சொன்னால் நான் அடுத்த வீட்டுக் குசினி வாசலில் போய் நிற்பேன். திருநாளுக்கு ஊருக்கு வந்தால் எங்கள் மைதானத்தில் இறங்குவான். கொழும்பு ஆட்டக்காரனென்று சட்டம் மாறவில்லை. அவனும் பந்தைக் கடலுக்குள் விட்டதில்லை.

அவனுடைய முழங்கால் பழுதான வருடம், ஓர் இறுதியாட்டம் பார்க்க என்னைக் கொழும்புக்குக் கூப்பிட்டான். போனேன். ஒரு கோலால் அவர்கள் முன்னுக்கு நின்றார்கள். கடைசி நிமிடங்கள். பந்து மச்சானின் காலடியில். இரண்டு பேர் அவனை நோக்கி வந்தார்கள். வழக்கமாக அவன் அமத்தி, சுழன்று, நடந்து வந்திருப்பான். கட்டுப் போட்ட கால் சுழலாது என்று அவனுக்கும் தெரியும், மேலே படிக்கட்டில் இருந்து பார்த்த எனக்கும் தெரியும். இந்தமுறை நான் கத்தவில்லை.

அவன் பந்தை வேலிக்கு மேலால் வெளியே தூக்கி அடித்தான்.

எல்லோரும் கைதட்டினார்கள். புத்தியான வேலை. ஆனால் மச்சான் வேலிப் பக்கமாக இரண்டு எட்டு வைத்துவிட்டான். பிறகு நின்றான். வேறு பந்து வந்தது. தன் இடத்துக்கு நொண்டிக்கொண்டு திரும்பினான்.

அதுதான் அவனுடைய கடைசி ஆட்டம். கிண்ணத்தோடு எல்லோரும் படம் எடுத்துக்கொண்டு நிற்க, அவன் வந்து எனக்குப் பக்கத்தில் காலை நீட்டி இருந்தான்.

“கால் எப்பிடி மச்சான்?” என்றேன்.

“அது கிடக்கட்டும். அந்தப் பந்தை ஆர் எடுத்தவை?”

“பொடியள் போனவங்கள்.”

“எடுத்துப்போட்டாங்களோ?”

“ஓம்.”

அதற்குப் பிறகுதான் அவன் காலிலிருந்த கட்டை அவிழ்க்கத் தொடங்கினான்.